அப்பா டீ குடிக்கும் நேரம்

நத்தம் பக்கத்தில் ஐப்பசி மழை நன்றாக இரண்டு தடவை இறங்கிவிட்டால் டிராக்டர்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. மானாவாரிக் காடும் மாந்தோப்பும் ஒரே வாரத்தில் உழவு கேட்கும். ஈரம் காய்வதற்குள் ஓட்டிவிட வேண்டும். அப்படியொரு வாரத்தில்தான் அந்த வீட்டு டிராக்டருக்கு விக்கல் வந்தது.

தூக்கி நிறுத்திய ஒன்பது கொத்துக் கலப்பை நான்கு விரல் இறங்கும், வெடுக்கென்று ஏறும், திரும்ப இறங்கும். ஓட்டியவன் மகன். டிப்ளமோ முடித்தவன். அப்பா போய் எட்டு மாதம். டிராக்டர் கடன் இன்னும் பாக்கி இருந்தது.

“டீசலை ஊத்தி ஒரு அலசு அலசிட்டா சரியாப்போகும்” என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. அவருடைய கணவர் வழக்கமாக வண்டி காட்டும் மெக்கானிக்கை வரச் சொன்னார்.

பெரியவர் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து இறங்கினார். ஸ்பேனரைத் தொடவே இல்லை. “கலப்பையத் தூக்கிட்டு இன்ஜினை ஆஃப் பண்ணு மாப்ள” என்றார். பிறகு திண்ணையில் உட்கார்ந்து, “தங்கச்சி, ஒரு டீ குடும்மா” என்றார். டம்ளர் பாதியாவதற்குள் கலப்பை தரையைத் தொட்டுவிட்டது.

அம்மா வாசல்படியில் அப்படியே நின்றுவிட்டார். காலையில் கலப்பையைத் தூக்கிவைத்து, வண்டியை அணைத்து, இதே திண்ணையில் அவர் டீ குடித்ததைப் பல வருஷமாகப் பார்த்தவர். “டீ குடிக்கிறப்பகூட வண்டியத்தான் பாக்கணுமா?” என்று சண்டைகூடப் போட்டிருக்கிறார். அவர் சிரிப்பார். குடித்து முடித்ததும் கலப்பையைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு டம்ளரைக் கழுவப் போவார். அது பழக்கம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பரிசோதனை என்று யாருக்கும் தெரியாது, மகனுக்கும் சொல்லித்தரவில்லை.

ஆயில் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார் மெக்கானிக். தேன் மாதிரி தெளிவாக இருக்க வேண்டிய எண்ணெய், பால் கூடிப்போன டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் லிவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருந்தது. மகன் தலையைக் குனிந்துகொண்டான். இந்த வருஷம் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. இருந்தாலும் அன்றைக்கு அப்பா வண்டி அழுக்காக நிற்கக் கூடாதென்று மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியவன் அவன்தான்.

அந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய். தண்ணீர் சேர்ந்தால் உள்ளே துரு பிடிக்கும். அந்தத் தூள் வால்வில் போய் உட்கார்ந்தால் வால்வு முழுசாக மூடாது. எண்ணெய் கசியும், கலப்பை இறங்கும். இறங்கியதை உணர்ந்து லிஃப்ட் மறுபடி தூக்கும். விக்கல் வருவது இப்படித்தான். டீசல் ஊற்றினால் வழவழப்பு இல்லாமல் பம்ப்பும் போகும் என்றார்.

ராத்திரி முழுக்க வண்டியை அசைக்காமல் நிறுத்தினார்கள். விடியற்காலையில் அடி நட்டை லேசாகத் தளர்த்தியதும் முதலில் வந்தது தண்ணீர்தான், ஒரு சொம்பு அளவுக்கு. பிறகு இன்ஜினை ஓடவிட்டு, எண்ணெயைச் சூடாக்கி முழுசாக வடித்தார்கள். சல்லடையைக் கழற்றினால் பிசுக்கும் துருவும். அதைச் சுத்தம் செய்து மாட்டிவிட்டு, அதே ரகப் புது ஆயிலை ஊற்றி, கலப்பை இல்லாமல் லிஃப்ட்டை ஏற்றி இறக்கி ஓட்டி, அதையும் வடித்தார்கள். வடித்ததைப் பீப்பாயில் பிடித்தார்கள், ஓடையில் விடவில்லை.

“ஒரு தடவை மாத்தினா போதாதாண்ணே?” அம்மா கேட்டார். 20 லிட்டர் பக்கெட் என்ன விலை என்று அவருக்குத் தெரியும்.

“மூலை முடுக்குல பழசு நிக்கும்மா. ஒரே வாரத்துல புதுசும் பாலாயிடும்.”

இதற்குள் ஒரு மாந்தோப்புக்காரர் வேறு டிராக்டரைப் பிடித்துக்கொண்டார். அந்த நஷ்டம் நஷ்டம்தான்.

எண்ணெய் வடியும் நேரத்தில் எட்டாவது படிக்கும் தங்கை செல்போனை நீட்டினாள். ஒரு பழைய பிரெஞ்சு கார் தானே எழும்பி நிற்கும் வீடியோ. சிட்ரோயன் நிறுவனம் 1955-ல் கொண்டுவந்த டி.எஸ். கார் அது. ஸ்பிரிங்குக்குப் பதில் எண்ணெய்யும் வாயுவும்தான் அதைத் தாங்குகின்றன. ஆரம்பத்தில் அதில் ஊற்றிய திரவம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கியதால், 1966-ல் பச்சை நிறக் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். பாரிஸ் காருக்கு வந்த வியாதிதான் நத்தத்து டிராக்டருக்கும்.

டிராக்டர் கலப்பையை எண்ணெயால் ஆளவைத்தவர் அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். மரவேரிலோ பாறையிலோ கலப்பை மாட்டினால் பழைய டிராக்டர்கள் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழ்ந்து ஆளைக் கொன்றிருக்கின்றன. இழுவை கூடினால் கலப்பை தானே கொஞ்சம் மேலே ஏறும்படி செய்தார் அவர். அவர் பெயரைத் தாங்கிய டிராக்டர்களைத்தான் சென்னையில் 1960-ல் தொடங்கிய டஃபே நிறுவனம் தயாரித்தது. மாவேர் நிறைந்த தோப்பில் ஓட்டுகிறவனுக்கு அந்த லிவரின் அருமை தெரியும்.

கடைசி ஆயிலை ஊற்றி, கலப்பையை மாட்டித் தூக்கியதும், எங்காவது கசிகிறதா என்று பார்க்க மகன் அதன் அடியில் குனிந்தான். பெரியவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார்.

“கட்டை குடுத்தியாடா? எண்ணெய நம்பித் தலையக் குடுப்பியா?”

கசிவைக் கையால் தடவியும் பார்க்கக் கூடாது. உள்ளே அழுத்தம் 2,000 பவுண்டுக்கு மேல். கார் டயரில் முப்பது சொச்சம்தான். ஊசிமுனை ஓட்டை வழியாகப் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டையைக் காட்டித்தான் பார்க்க வேண்டும். அம்மா அன்றைக்கு வெகுநேரம் பேசவில்லை.

மறுநாள் காலை, உழவுக்குக் கிளம்பும் முன் மகன் கலப்பையைத் தூக்கினான். இன்ஜினை அணைத்தான். கேட்காமலே டீ வந்தது. திண்ணையில் உட்கார்ந்து குடித்தான். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கலப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. பழைய வண்டிக்கு அது பரவாயில்லை, சீலைக் கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார்.

லிவரைத் தள்ளிக் கலப்பையை மண்ணில் இறக்கிவைத்துவிட்டு, அவன் டம்ளரைக் கழுவப் போனான்.