கார் நிக்கோபாரில் டாக்கோ கிடைக்குமா?

அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்தில் இருக்கும் என் அண்ணன் மகன், வருஷா வருஷம் மார்ச் மாதம் எனக்கு ஒரு பட்டியல் அனுப்புவான். அங்கே சவுத் பை சவுத்வெஸ்ட் என்று ஒரு திருவிழா, 1987லிருந்து நடக்கிறது. பாட்டு, சினிமா, கம்ப்யூட்டர் என்று ஊர் கொள்ளாத கூட்டம். அந்தக் கூட்டத்தில் எந்தத் தெருவில் எந்த வண்டிக்காரரிடம் டாக்கோ நன்றாக இருக்கும், எங்கே க்யூ கம்மி, எங்கே போனால் காசு தண்டம் என்று அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்திருப்பான். படிக்கும் எனக்கு வாயில் எச்சில் ஊறுவதோடு சரி. "சித்தப்பா, உங்க தீவுல திருவிழா நேரத்துல எங்கே என்ன நல்லா இருக்கும்? நீங்களும் ஒரு பட்டியல் போடுங்களேன்"னு கேட்டிருக்கான். போட்டுட்டாப் போச்சு.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கடை தேடி அலைகிற ஊர் இல்லை. கார் நிக்கோபார் சுமார் 127 சதுர கிலோமீட்டர். மேஜை போல தட்டையான தீவு. 2011 கணக்கெடுப்பில் 17 ஆயிரத்துச் சொச்சம் ஜனம். 1956ஆம் வருஷத்துச் சட்டப்படி இது பழங்குடி மக்களுக்கான பாதுகாக்கப்பட்ட பகுதி. பாஸ் இல்லாமல் வெளியாள் காலடி வைக்க முடியாது. சுற்றுலாவும் கிடையாது, லாட்ஜும் கிடையாது. என்னை மாதிரி மாற்றலில் வந்த பேங்க்காரர்கள், வாத்தியார்கள், டாக்டர்கள், ஏர்ஃபோர்ஸ்காரர்கள், இவ்வளவுதான் வெளியாட்கள். ஹெட்குவார்ட்டர்ஸ் என்று எல்லோரும் சொல்கிற இடத்தில் நாலைந்து கடை, ஒரு டீக்கடை. டீக்கடைக்காரர் நம்ம பக்கத்து ஆள். வடையும் பரோட்டாவும் போடுவார். டிசம்பர் 20 தாண்டினால் அவரும் கப்பல் ஏறி ஊருக்குப் போய்விடுவார்.

"அண்ணாச்சி, பண்டிகை நேரத்துல நீங்களும் இல்லேன்னா நாங்க என்னத்தைத் திங்க?" என்றேன்.

"சார், பண்டிகை நேரத்துல இங்க எவன் காசு குடுத்துத் திம்பான்? ஏதாச்சும் கிராமத்துக்குப் போங்க. உக்கார வெச்சுப் போடுவாங்க" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டார்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. இங்கே கிறிஸ்துமஸ் என்பது வீட்டு விசேஷம் இல்லை, ஊர் விசேஷம். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஃபர்ஸ்ட் கேப்டன், செகண்ட் கேப்டன் என்று தலைவர்கள் உண்டு. எந்தக் குடும்பம் எத்தனை பன்றி, எத்தனை தேங்காய், விறகு யார் பொறுப்பு என்பதெல்லாம் முன்கூட்டியே பேசி முடித்திருப்பார்கள். குடும்பம் என்றால் நம்ம நாலு பேர் கணக்கு இல்லை. 'துஹெத்' என்று பெரிய கூட்டுக்குடும்பம். நிலம், தென்னை எல்லாம் துஹெத்தின் பெயரில்தான், தனி ஆளுக்குப் பட்டா கிடையாது. (லோன் அப்ளிகேஷனில் 'அடமானச் சொத்து' என்ற கட்டத்துக்கு நேரே நான் என்ன எழுதுவேன் சொல்லுங்கள்! :-)) பி.காம். படித்தபோது சொத்து, கடன், முதல் என்று பிரித்துக் கற்றுக்கொண்டது எதுவும் இந்த ஊர்க் கணக்கில் உட்காராது. பன்றிதான் இவர்களின் ஃபிக்ஸட் டெபாசிட். தேங்காய் போட்டு வளர்க்கிறார்கள். பண்டிகை வந்தால் அது முதிர்ச்சி அடைகிறது. வட்டி மொத்தத்தையும் ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது.

சரி, டாக்கோவுக்கு வருவோம். டாக்கோ என்றால் என்ன? மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, அரைத்து, மெல்லிசாகத் தட்டிச் சுட்டு, அதில் கறியோ பீன்ஸோ வைத்து மடிப்பது. அதில் 'அல் பாஸ்தோர்' என்று ஒரு வகை. லெபனான்காரர்கள் பிழைக்கப் போன இடத்துக்குத் தங்கள் ஷவர்மாவைக் கொண்டுபோனார்கள். மெக்சிகோக்காரர் கையில் அது பன்றிக்கறி டாக்கோ ஆகிவிட்டது. பிழைக்கப் போகிறவன் வாயையும் கையோடு கொண்டுதானே போகிறான், நாம் இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு போகவில்லையா?

இங்கே மக்காச்சோளத்தின் இடத்தில் இருப்பது தாழை. ஆமாம், நம்ம தாழம்பூவின் தாழை இனம்தான். பிரம்மாவுக்காகப் பொய்ச்சாட்சி சொல்லி சிவனிடம் சாபம் வாங்கிய அதே தாழை. நம் ஊரில் அதைப் பின்னலில் தைத்துக்கொள்வதோடு சரி. இங்கே உள்ள வகை காயாகக் காய்க்கிறது. பலாப்பழம் மாதிரி பெரிசு, முள் மாதிரி முனைகள், உள்ளே சுளை சுளையாகப் பிரியும். ஆங்கிலத்தில் நிக்கோபார் பிரெட்ஃப்ரூட் என்பார்கள். பச்சையாகத் தின்ன முடியாது. காயைப் பிளந்து, இலை போட்டு மூடி மணிக்கணக்காக வேகவைத்து, சுளையின் சதையைச் சிப்பியால் சுரண்டி எடுக்கிறார்கள். அப்புறம் பிசைந்து நார் எடுக்க வேண்டும். அங்கேதான் கை வேலை. நார் போன மாவை உருட்டித் தட்டி இலையில் கட்டி வைத்தால் மஞ்சளாக, சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பனங்கிழங்கும் கலந்த மாதிரி ஒரு ருசி. ஒரு துண்டு எடுத்து, அவித்த பன்றிக்கறியை மேலே வைத்து, துருவின தேங்காய், உப்பு, மிளகாய் வைத்து அமுக்கினால், தம்பி, அதுதாண்டா எங்க ஊர் டாக்கோ!

இதைத் தேடித்தான் போன கிறிஸ்துமஸுக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் லபாத்தி. ஆபீசில் வேலை பார்க்கும் தம்பியின் வீடு. வாசலிலேயே கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்காரவைத்தார்கள். தட்டில் வந்தது சோறு, பருப்பு, மசாலா போட்ட கோழிக்குழம்பு, பூரி. பின்னால் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தட்டில் வேறு என்னமோ மஞ்சளாகத் தெரிந்தது. "அது உங்களுக்குப் பிடிக்காது சாப்" என்றான் தம்பி இந்தியில். மெயின்லேண்ட் விருந்தாளிக்கு மெயின்லேண்ட் சாப்பாடு போட வேண்டும் என்பது அவர்கள் மரியாதை. நம் வீட்டுக்கு வெள்ளைக்காரன் வந்தால் ஸ்பூன் தேடுவோமே, அது மாதிரி. மரியாதையை மீறி அடுத்தவர் தட்டைக் காட்டிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பூரி நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து மூஸ். வடக்குக் கோடி. மூஸ் என்றதும் நம்மவர்களுக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் இங்கே வந்து பள்ளிக்கூடம் வைத்து ஊழியம் செய்தவர் வேதப்பன் சாலமோன் என்ற தமிழர். அவரிடம் படித்த நிக்கோபாரிப் பையன்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழிக்குக் கொண்டுவந்தவர். 1952இல் அமைந்த முதல் மக்களவைக்கு இந்தத் தீவுகளின் சார்பில் நியமிக்கப்பட்டவர். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் வருகிறது என்று நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறோம். இந்த ஊர்க்காரர்களுக்கு சோழனைத் தெரியாது, சாலமோனைத் தெரியும்.

மூஸில் 24ஆம் தேதி ராத்திரி ஆராதனை. மெட்டு எல்லாம் தெரிந்த கேரல் மெட்டு, வார்த்தை ஒன்றும் புரியாது. நாலு குரலாகப் பிரித்துப் பாடுகிறார்கள். சாமி கும்பிடாத ஆளுக்கும் புல்லரிக்கும். முடிந்ததும் சாப்பாடு. இந்த முறை உஷாராக முதலிலேயே கேட்டு வாங்கிவிட்டேன். தாழை ரொட்டி வந்தது. ஆனால் நார். வாயில் போட்டால் தேங்காய் மஞ்சியை மென்ற மாதிரி. பரிமாறின பொண்ணு சிரித்துக்கொண்டே, "பாட்டி செய்தால் நார் இருக்காது, நாங்க செய்தால் இப்படித்தான்" என்றாள். பாட்டி எங்கே என்று கேட்டேன். பாட்டி 2004இல் போய்விட்டாராம்.

இந்த ஊரில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கே போய்த்தான் நிற்கும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு மறுநாள் காலை. ஆறரை மணிக்கு பூமி ஆடியது, அப்புறம் கடல் வந்தது. கடலோரம்தான் கிராமங்கள் இருந்தன. 'எல்பனம்' என்ற பொதுத்திடல், பண்டிகை, கூட்டம் எல்லாம் கரையில்தான். அத்தனையும் போச்சு. தீவே சுமார் ஒரு மீட்டர் கீழே இறங்கிவிட்டது. பிழைத்தவர்கள் உள்ளே தள்ளிப் போய், முதலில் கூடாரம், அப்புறம் தகரக் கொட்டகை, அப்புறம் அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடுகள். ஆள் போனதோடு பன்றி போச்சு, தென்னை போச்சு, தாழை போச்சு. நார் எடுக்கத் தெரிந்த கைகளும் போச்சு. நிவாரணத்தில் அரிசியும் பருப்பும் வந்தது. வருஷக்கணக்கில் அதைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது சோறுதான் சாப்பாடு.

மூன்றாவது, கக்கானா. எங்கள் கிளைக்கு மாதாமாதம் பென்ஷன் வாங்க வரும் அம்மா ஒருவர் இருக்கிறார். கைநாட்டு. பணத்தை நாலு தரம் எண்ணுவார். கவுண்டரில் ஒருநாள் என் தாழை ரொட்டிப் புலம்பலைக் கேட்டுவிட்டு, "27 வா" என்று விரலால் காட்டினார். 25 ஏன் இல்லை என்று எனக்குப் புரியவில்லை, அவரும் சொல்லவில்லை.

27 போனேன். 26 அன்று அந்த வீட்டில் அடுப்பு இல்லையாம். சர்ச்சில் நினைவு ஆராதனை, பெயர் வாசிப்பார்கள், வந்து படுத்துக்கொள்வார்கள். பண்டிகை அவருக்கு 24, 25, அப்புறம் 27லிருந்து புதுவருஷம் வரை. நடுவில் ஒரு நாள் கிடையாது. பேத்தி இந்தியில் எடுத்துச் சொன்னாள். அந்த 2004 கிறிஸ்துமஸுக்கு அவர் செய்து இலையில் கட்டி வைத்த ரொட்டியில் பாதிக்கு மேல் மறுநாளைக்கு என்று மிச்சம் இருந்ததாம். அவர் அந்த மிச்சத்தைப் பற்றித்தான் பேசினார். போன ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாப்பிட்டதுதான் சாப்பாடு. ஒரு நார் இல்லை. அல்வா மாதிரி வழுக்கிக்கொண்டு போனது, ஆனால் அல்வாவின் திகட்டல் இல்லை. கறி வெறும் உப்புத் தண்ணீரில் அவித்ததுதான். தேங்காய் தின்று வளர்ந்த பன்றிக்கு மசாலா எதுக்கு? கொழுப்பிலேயே ஒரு தித்திப்பு. நாலு துண்டு முடித்து ஐந்தாவதுக்குக் கை நீட்டினபோது அந்த அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. கூடாரத்தில் இருந்த காலத்தில் அரிசிச் சோறு எவ்வளவு தின்றாலும் சீக்கிரம் பசித்துவிடும், இது ஒரு துண்டு போட்டால் மத்தியானம் வரை தாங்கும் என்று பேத்தி மூலமாகச் சொன்னார்.

பேங்க்காரன் புத்தி சும்மா இருக்குமா? பேத்தியிடம் கேட்டேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து சுயஉதவிக் குழு ஆரம்பித்தால் அடமானம் இல்லாமல் கடன் தரலாம், பட்டா வேண்டாம், துஹெத்தைத் தொட வேண்டாம். தாழைக் கன்று நடலாம். ரொட்டி செய்து ஹெட்குவார்ட்டர்ஸில் விற்றால் ஏர்ஃபோர்ஸ்காரர்கள் வாங்குவார்கள். பேத்திக்குக் கண் விரிந்தது. பாட்டிக்கு மொழிபெயர்த்தாள். பாட்டி பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். கன்று நடுவது சரி, குழுவும் சரி, ஆனால் பண்டிகைச் சாப்பாட்டை விற்றால் நீ எப்படி எங்கள் வீட்டுக்கு வருவாய், கடைக்குத்தானே போவாய் என்றார். பேத்தி விடவில்லை. விற்க ஆரம்பித்தால்தான் என்னை மாதிரிப் பிள்ளைகள் நார் எடுக்கக் கற்றுக்கொள்ளும், இல்லையென்றால் உன்னோடு போய்விடும் என்று அவர்கள் பாஷையில் சண்டை. எனக்கு இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. மனசுக்குள் என் ஓட்டு பேத்திக்குத்தான். ஆனால் அதை அந்த அம்மாவின் ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு சொல்ல முடியுமா?

கிளம்பும்போது இலையில் கட்டி ஒன்று கொடுத்தார். போர்ட் பிளேருக்குக் (2024லிருந்து அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) கப்பலில் போகும் ஆள் மூலம் கொடுத்துவிட்டு, அங்கிருந்து விமானத்தில் வரும் நண்பர் கையில் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. தங்கமணி பாதியை ஆவியில் சுடவைத்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் சாப்பிட்டுப் பார்த்தாராம். "பனங்கிழங்குப் புட்டு மாதிரி இருக்கு, பரவாயில்லை. கறியோட எல்லாம் எங்களுக்கு வேண்டாம்" என்று தீர்ப்பு. பொண்ணு மட்டும் வீட்டில் மிச்சமிருந்த மட்டன் சுக்காவை அதன்மேல் வைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். என் ரத்தம்!

ஆக, தம்பி, நீ கேட்ட பட்டியல் இதோ: லபாத்தியில் பூரி, மூஸில் பாட்டு, கக்கானாவில் ரொட்டி. குழு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. பேத்தி ஏழு பேரைச் சேர்த்திருக்கிறாள், இன்னும் மூன்று பேர் வேண்டும். பாட்டி போன வாரம் பென்ஷனுக்கு வந்தபோது பணத்தை எண்ணி முடித்துவிட்டு, ஃபாரம் எங்கே என்று கேட்டார். கொடுத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.