அம்மம்மாவின் தேத்தண்ணி

எருசலேம் பழைய நகரில் சிங்க வாயிலால் உள்ளுக்குப் போனால் வலப்பக்கம் புனித அன்னாள் ஆலயம். சிலுவைப்போர் காலத்துக் கட்டடம். அந்த வளவுக்குள்தான் பெத்சதா குளம் இருக்கிறது. குளம் எண்டு சொல்ல இப்ப பெரிசா ஒண்டுமில்லை. ஆழமான கிடங்கில் இடிந்த சுவர்கள், கற்கள், செங்குத்தான படிகள். அம்மம்மாவின் வீல் செயார் மேலேயே நிண்டிட்டுது.

யோவான் நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் வாற இடம் இது. 5 மண்டபங்கள், அவற்றில் படுத்திருந்த நோயாளிகள், அவர்களில் 38 வருசமாக நோயில் கிடந்த ஒருவர். தண்ணீர் கலங்கும்போது இறங்கினால் சுகம் வரும் எண்டு காத்திருந்தார்கள். 5 மண்டபம் எண்டால் ஐங்கோணக் குளமோ எண்டு மறைக்கல்வி வகுப்பில் யோசிச்சிருக்கிறன். தோண்டிப் பார்த்தபோது தெரிந்தது, அது இரட்டைக் குளம். சுற்றிவர 4 மண்டபம், நடுச்சுவரில் ஒண்டு.

அம்மம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருசம். வலக்கையும் வலக்காலும் வழங்காது. மடுவுக்கு நேர்த்தி வைச்சம். பிறகு லண்டனிலிருந்து சித்தி காசு அனுப்ப, பங்கு யாத்திரைக் குழுவோட இங்க வந்தம். எல்லாரும் கேட்டது ஒண்டுதான்: அவ எழும்பி நடக்கோணும்.

அந்த மனிதரிடம் இயேசு முதலில் கேட்டது, சுகமாக விருப்பமா எண்டுதான். 38 வருசம் கிடந்தவரிடம் இப்பிடியும் ஒரு கேள்வியா எண்டு எனக்குக் கோபம் வரும். அவரும் ஓம் எண்டு சொல்லவில்லை. தன்னை இறக்கிவிட ஆளில்லை எண்டார். அவரைக் குணமாக்கினார், சரி. பக்கத்தில் படுத்திருந்த மற்றவர்களுக்கு என்ன நடந்தது? நற்செய்தி சொல்லவில்லை.

குழு கீழே இறங்க, நான் அம்மம்மாவோட நிண்டன். அப்பதான் உறைச்சது. டொக்டரைக் கேட்டம், சுவாமியைக் கேட்டம், பரியாரியாரையும் கேட்டம். அவவைக் கேட்கேல்லை.

“அம்மம்மா, உங்களுக்கு என்ன வேணும்?”

கனநேரம் கிடங்கையே பார்த்துக்கொண்டிருந்தா.

“நடக்கிறது அவற்ற விருப்பம் பிள்ளை. எனக்கு ஒரு தேத்தண்ணி நானே ஊத்திக் குடிக்கோணும். நீங்கள் ஒருத்தரும் விடுறியள் இல்லை.”

ஆலயத்துக்குள் எங்கட ஆக்கள் பாடத் தொடங்கினார்கள். அங்க ஒரு குரல் பாடினாலே கல்லெல்லாம் சேர்ந்து பாடுற மாதிரி எதிரொலிக்கும். அம்மம்மாவும் மெல்லப் பாடினா. எனக்குத்தான் பாட வரவில்லை.

வீட்டுக்கு வந்து மாமா காஸ் குக்கரைப் பதிந்த மேசையில் வைச்சுத் தந்தார். முதல் நாள் இடக்கையில் சுடுதண்ணி பட்டுது. அம்மா கத்தினா. அம்மம்மா சிரிச்சா. கனகாலத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கண்டம்.

அவ இண்டைக்கும் நடக்கவில்லை. கோயிலடியில் ஆக்கள் “யாத்திரை போய் புதுமை ஏதும் நடந்ததோ?” எண்டு கேட்பினம். ஓம் எண்டாலும் பொய் மாதிரி இருக்கும், இல்லை எண்டாலும் பொய் மாதிரி இருக்கும். சிரிச்சுப்போட்டு வந்திடுவன்.

போன கிழமை கம்பஸ் லீவில போனபோது எனக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்தித் தந்தா. சீனி கூடிப்போச்சு. முழுக்கக் குடிச்சன்.