சிறு வணிகரும் விளம்பர வஞ்சகரும்

வணிகர்க்கு விளம்பரம் புதியதொன்றன்று. பட்டினப்பாலையைப் பயின்றோர், காவிரிப்பூம்பட்டினத்தில் கள் விற்கும் மனைவாயில்களில் அசைந்த கொடிகளை அறிவர். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையிலே, பண்டகசாலையிற் கிடந்த பொதிகளின்மேல் உரியவர்தம் பெயர் பொறிக்கப்பட்டிருந்த செய்தி வருகின்றது. கொடி கடைக்காரன் வாயிலில் நின்றது. பொதிமேலிருந்த பெயர் பொதிக்குரியவன் பெயர். இதில் வியப்பதற்கு யாதுளது என்று கேட்கலாம். ஒருவர் கடையின் பெயர் இன்னொருவர் கைப்பொருளாய்விடுதலும் கூடும் என்பதனை எமக்கு அறிவித்தது சேலையூரிலுள்ள ஒரு சிறு தையற்கடை.

அதனைச் சொல்லுமுன் இவ்வூர்களின் நிலையைச் சிறிது சொல்லல் வேண்டும். நம் கல்லூரி 1937-ஆம் ஆண்டில் நகரை விட்டு இக்காட்டுப்புறத்திற்கு வந்த காலத்துத் தாம்பரம் வேறு. பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் முதலியவற்றோடு கூடி 2021-இல் மாநகராட்சியான தாம்பரம் வேறு. அடுக்குமாடி வீடுகளிற் புதிதாய்க் குடியேறுவோர் அண்டை வீட்டாரை வினவுவதில்லை; கைப்பேசியை வினவுகின்றனர். மேற்குத் தாம்பரத்துச் சண்முகம் சாலையில் காய்கறி விற்பவர்க்கு இது பற்றிக் கவலையில்லை; அங்கே கூட்டமே விளம்பரம். உள்தெருவிற் கடை வைத்திருப்பவரோ கூகுள் வரைபடத்தில் தம் பெயர் இல்லையாயின் ஊரிலேயே இல்லாதவராகின்றனர். இவ்வச்சமே வஞ்சகர்க்கு முதற்பொருள்.

அத்தையற்கடை எம் அத்தையாருடையது. மாமா மறைந்தபின் இரண்டு தையல் மெஷின்களைக் கொண்டு அவர் குடும்பத்தை நடத்தி வருகின்றார். ஆடி கழிந்து ஒரு நாள், டை கட்டிய இளைஞர் இருவர் வந்து, “மேடம், மூன்றே மாதத்தில் கூகுளில் உங்கள் கடைதான் முதலில் வரும். எழுதியே தருகிறோம்” என்றனர். வெப்சைட், வரைபடத்தில் இடம், இன்ஸ்டாகிராம் பக்கம், ஐம்பது ரிவ்யூக்கள் ஆகிய யாவற்றிற்கும் முதலில் ரூ. 15,000, பின்னர் மாதந்தோறும் ரூ. 3,000. கிறிஸ்துமஸ் வேலை பெருகுமென்னும் நம்பிக்கையால் அவர் இசைந்தார்.

ஒரு வாரத்துள் புகழுரைகள் வந்து குவிந்தன. அவற்றுள் ஒன்று, இக்கடையின் பிரியாணி மிகவும் சுவையாக இருந்ததென்று கூறிற்று. அத்தையார் அதனைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, “இந்தப் பிரியாணியை நான் எப்போதப்பா கிண்டினேன்?” என்று நகைத்தார். நகைப்பு நீடிக்கவில்லை. நவம்பர் வரையிலும் புதிய வாடிக்கையாளர் ஒருவரும் வராமையால், இனி மாதப்பணம் தருவதற்கில்லை என்று அவர் தெரிவித்தார். அதன் பின்னர் நிகழ்ந்ததே எம் கட்டுரைக்குக் காரணமாயிற்று.

வரைபடத்தில் கடையின் பெயருக்குக் கீழே இருந்த தொலைபேசி எண் அத்தையாருடையதன்று. அழைப்புகளை எண்ணுவதற்காக என்று சொல்லி, அந்நிறுவனத்தார் தமது எண் ஒன்றையே இட்டு, அதற்கு வரும் அழைப்புகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தனர். பணம் நின்றதும் திருப்புதலும் நின்றது. வெப்சைட்டும் மறைந்தது. டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஒரு பெண்மணி, “கடையை விட்டுவிட்டீர்களாமே? இரண்டு நாள் கூப்பிட்டும் யாரும் எடுக்கவில்லை” என்றபோதுதான் அத்தையாருக்குச் செய்தி தெரிந்தது. கேட்டதற்கு, கணக்கை மாற்றித்தர ரூ. 10,000 கட்டணம் என்றனர். ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருந்த வேலை அம்மாதத்திற் பாதியாயிற்று. இரண்டாம் மெஷினில் தைக்கும் பெண்ணுக்குக் கூலி கொடுக்கத் தம் வளையலை அடகு வைத்தார்.

கூகுளில் உரிமை கோருதற்கு வழியுண்டு, அதற்குக் கட்டணமில்லை. அத்தையாரை உடன் வைத்துக்கொண்டு யாம் விண்ணப்பித்து, கடையையும் பெயர்ப்பலகையையும் வீடியோவிற் காட்டி, பொங்கலுக்குப் பிறகு வரைபடத்திலிருந்த இடத்தை மீட்டோம். வெப்சைட்டின் பெயரை மீட்க இயலவில்லை. அந்த டொமைன் அந்நிறுவனத்தின் பெயரிலேயே வாங்கப்பட்டிருந்தது. பலகையில் எழுதியிருந்த அம்முகவரியை நீலவண்ணம் பூசி மறைத்தாயிற்று. வெயில் சாயும்போது எழுத்துகள் இன்னும் அடியில் தெரிகின்றன.

வரைபடத்திற் கடையின் பெயரைச் சேர்ப்பதற்கும் அதனை உறுதி செய்வதற்கும் காசில்லை. முதலிடத்தை எவரும் உறுதியளிக்க இயலாதென்று கூகுளே வெளிப்படையாக எழுதி வைத்துள்ளது. தேடுவோரின் தேவைக்குப் பொருந்துதல், தொலைவு, கடை எவ்வளவு அறியப்பட்டது என்பவற்றைக் கொண்டே உள்ளூர் வரிசை அமைகின்றதாம். அவ்வரிசையைப் பணத்தால் உயர்த்த முடியாது. விளம்பரம் என்னும் குறியுடன் தோன்றுவது வேறு, அதற்குத்தான் பணம். இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டுவதிலேதான் சூழ்ச்சியின் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

இது நம் ஊரில் மட்டும் உள்ள நோயன்று. அமெரிக்க நாட்டில், தாம் கூகுளைச் சேர்ந்தவர் போலத் தொலைபேசியிற் பேசி, பணம் தாராவிடின் கடை நிரந்தரமாக மூடப்பட்டதெனக் காட்டப்படும் என்று சிறு வணிகரை அச்சுறுத்திய ஃபுளோரிடாக் கூட்டத்தார்மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2018-இல் வழக்குத் தொடுத்தது. அவர்கள் வெற்றுரையால் அச்சுறுத்தினர். சேலையூரில் அதுவே செயலாயிற்று.

சட்டம் யாது செய்யும்? வஞ்சித்துப் பெற்ற இசைவினை வஞ்சிக்கப்பட்டவர் தள்ளிவிடலாம் என்பது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 318-ஆம் பிரிவு ஏமாற்றுதலைத் தண்டிக்கின்றது. இணையவழிப் பண மோசடியாயின் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்கலாம். ஆனால் ஏழை வணிகர்க்கு எளிதாக இருக்க வேண்டிய நுகர்வோர் மன்றத்தின் வாயிலில் ஒரு தடை உளது. வணிக நோக்கத்திற்காக வாங்குவோர் நுகர்வோராகார். எனினும், சுயதொழிலால் பிழைப்பவர் தம் பிழைப்பிற்கெனக் கொள்ளும் பொருளையும் சேவையையும் 2002-இல் திருத்தப்பட்ட பழைய சட்டம் அவ்விலக்கினின்றும் காத்தது. 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டத்து விளக்கத்திலோ பொருள் உளது, சேவை இல்லை. ஆகவே எம் அத்தையார் பழுதான மெஷினை வாங்கினால் நுகர்வோர். பழுதான விளம்பரத்தை வாங்கினால், அவர் நுகர்வோரல்லர் என எதிராளி வாதிட இடமுண்டாகின்றது. ஒரு சொல் குறையின் பொருள் எவ்வளவு குறையும் என்பதனைத் தமிழ் பயில்வோர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அச்சொல்லைச் சட்டத்தில் மீண்டும் சேர்த்தல் நம் பாராளுமன்றத்தார் கடன் என்பது எம் துணிபு.

அதுவரையில் வணிகர் தம்மைத் தாமே காத்துக்கொள்ளல் வேண்டும். விளம்பர நிறுவனத்தார் யாவரும் தீயரல்லர். நேர்மையாய் உழைப்போரையும் குரோம்பேட்டையில் யாம் கண்டதுண்டு. அவர்களை அறிதற்கு ஓர் எளிய வழி, கணக்கு எவர் பெயரில் இருக்கும் என்று கேட்டலே. கடைக்காரருடைய மின்னஞ்சலாலும் கைப்பேசி எண்ணாலும் கணக்கைத் தொடங்கி, தம்மை மேலாளராக மட்டும் சேர்த்துக்கொள்ள இசைவோர் நம்பத்தக்கவர். டொமைனுக்குரிய ரசீது கடைக்காரர் பெயரில் வரல் வேண்டும். விளம்பரப்பணத்தைக் கூகுளுக்கோ மெட்டாவுக்கோ கடைக்காரரே நேரே செலுத்தினால், செலுத்தியது எவ்வளவு, இடையில் நின்றது எவ்வளவு என்னும் ஐயமே எழாது. அவர்கள் தரும் பதினைந்து எழுத்துடைய ஜி.எஸ்.டி. எண் மெய்தானா என்பதனை அரசாங்கத் தளத்திற் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

மாணவ நண்பர்காள், இனி நம்மைப் பற்றியும் ஒன்று. ஒரு ரிவ்யூவிற்கு இவ்வளவென்று கைச்செலவுக்குப் பெற்றுக்கொண்டு, கண்டறியாத கடைகளைப் புகழ்ந்து எழுதுவோர் நம் வயதினருள் உளர். இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022-இல் இத்தகைய கருத்துரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தரநெறியை வெளியிட்டது, அது கட்டாயமன்று. அந்தப் பிரியாணியைப் புகழ்ந்தவர்க்கு ஓர் ஐந்து நிமிட வேலை. அதனைக் காட்டியே அந்நிறுவனத்தார் அடுத்த தெருவிலுள்ள சைக்கிள் கடைக்காரரிடமும் பணம் பெற்றனர்.

இப்பருவத்தில் வகுப்புத் தோழர் நால்வருடன் சனிக்கிழமை மாலைகளிற் கேம்ப் ரோட்டை அடுத்த சிறு கடைகளுக்குச் சென்று, உரிமையாளர் பெயரிலேயே கணக்குத் தொடங்கிக் கொடுத்து வருகின்றோம். ஒரு கடைக்கு அரைமணி போதும். தாம் என்றோ தொடங்கிய மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மறந்தவராயின் ஒரு மாலை முழுவதும் செல்லும். மறுபடியும் மறவாதிருக்கச் சைக்கிள் கடைக்காரர் அதனைத் தினசரி நாட்காட்டியின் அட்டைப்புறத்தில் எழுதி வாங்கிக்கொண்டார். வரும் பருவத்தில் ராஜகீழ்ப்பாக்கம் செல்ல எண்ணியுள்ளோம். உடன்வர விரும்புவோர் தமிழ்த்துறையில் எம்மைக் காணலாம்.