2.8 எங்கிருந்து வந்தது?

புதுத்தோட்டத்துச் சாலையோரம் ஒரு சோலைமந்தி மரம் விட்டு மரம் தாவியது. என் படத்தில் இலைகள் நரம்பு நரம்பாகத் தெரிந்தன. மந்தி இருந்த இடத்தில் கறுப்பாக ஓர் இழுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெந்தக் காட்டிலும் இல்லாத விலங்கு அது. மனம் ஆறவில்லை.

வால்பாறைக் கடைவீதியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பொள்ளாச்சிக்காரர் படத்தைப் பார்த்தார். "எட்டுல முப்பது வெச்சிருக்கீங்க. நாலு ஸ்டாப் தொறந்து ஐந்நூறுக்குப் போங்க. வெளிச்சம் அதேதானுங்" என்றவர், ஃபிலிம் காலத்து 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையும் கொடுத்தார்.

ஷட்டர் கணக்கு விளங்கியது. நொடியில் முப்பதில் ஒரு பங்கு, அறுபதில் ஒன்று, 125, 250, 500. படிக்குப் படி நேரம் பாதி. ஆனால் லென்ஸ் வளையத்தில் 2, 2.8, 4, 5.6, 8. "ஏனுங்ண்ணா இப்படி?" என்றேன். "கம்பெனில போட்டதுங்."

அன்றிரவு லென்ஸின் முகப்பில் ஸ்கேலை வைத்தேன். 2-இல் ஒளி புகும் துளை ஏறக்குறைய 25 மி.மீ. 4-இல் பன்னிரண்டரை. ஐம்பதை அந்த எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம்! விட்டம் பாதியானால் பரப்பு கால்பங்காகிவிடும். பரப்பு சரிபாதியாக வேண்டுமென்றால் இரண்டின் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 1.4-ஆல் வகுக்க வேண்டும். இரண்டை அதனால் பெருக்கினேன்: 2.8. மறுபடி பெருக்கினால் 4. எட்டாம் வகுப்பு வட்டக் கணக்கு அந்த வளையத்துக்குள் இருந்தது. மழை ஓட்டின் மேல் அடித்துக்கொண்டிருக்க, எழுந்து வெகுநேரம் நடந்தேன்.

'ஸ்டாப்' என்ற சொல்லையும் விடவில்லை. அது ஒளியைத் தடுக்கும் தகடு. 1858-இல் இங்கிலாந்தின் ஜான் வாட்டர்ஹவுஸ், வெவ்வேறு அளவில் துளையிட்ட தகடுகளை லென்ஸ் குழலின் பிளவில் மாற்றி மாற்றிச் செருகும் முறையைச் சொன்னார். அதே ஆண்டில்தான் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப்பின் தஞ்சைப் படங்கள் வெளிவந்தன. பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 அச்சுகளை ஒட்டி ஒரே நீளப் படமாக்கியிருக்கிறார். காகித நெகட்டிவ், ஒளி விழ நிமிடங்கள் ஆகும். லென்ஸின் மூடியைத் திறந்து மூடுவதே அந்நாளில் ஷட்டர். கல் காத்திருந்தது. மந்தி காத்திருக்காது.

மறுவாரம் அதே இடத்தில் 2, ஐந்நூறு. தாவும் மந்தியின் பிடரி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாக விழுந்தது. துளை அகன்றதால் கூர்மையின் ஆழம் குறைந்து, பின்னால் வால் கரைந்துவிட்டது. வாலும் வேண்டுமென்றால் 4-க்குப் போகவேண்டும். அந்த நிழலில் அப்போது 125தான் கிடைக்கும், தாவும் மந்தியின் கை கலங்கிவிடும். நான் முகத்தை எடுத்துக்கொண்டேன்.