தலைக்கு மேல ஃப்ளைட்... வாசல்ல பஸ்!

சென்னை – பெங்களூரு எவ்வளவு தூரம்? நெட்ல தட்டிப் பாருங்க. ஏர்போர்ட் டு ஏர்போர்ட், நேர்கோட்டில் சுமார் 270 கிலோமீட்டர். ஃப்ளைட்ல ஒரு மணி நேரம், கொஞ்சம் முன்னே பின்னே. 'அட, அவ்வளவுதானா?' என்கிறீர்களா? அப்படியே எங்க பள்ளிகொண்டாவுக்கு வாங்க.

வேலூர் தாண்டி ஆம்பூர் போற வழியில், பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர். பிரம்மாவின் யாகத்தை அழிக்க, சரஸ்வதி ஆறாகப் பாய்ந்து வந்தாளாம். அவளைத் தடுக்க, பெருமாள் குறுக்கே படுத்த முதல் இடம் இதுதான் என்கிறது தலபுராணம். உத்திர ரங்கநாதர் இன்னும் இங்கே பள்ளி கொண்டிருக்கிறார். ஆனா, ஹைவேயில் பறக்கிற வண்டிகளை இப்போ நிறுத்துறது டோல்கேட்தான்!

விஷயத்துக்கு வருவோம். எங்க தெருப் பையன் ஒருத்தன். அப்பா ஷூ கம்பெனியில் வேலை. பையனுக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் காலை 10 மணிக்கு இன்டர்வியூ. 'ஒரு மணி நேரம்தானேப்பா, கசங்காம போயிடலாம்'னு சொல்லி, அப்பாவோட போனஸ் பணத்தில் டிக்கெட் போட்டுட்டான்.

நடந்ததைக் கேளுங்க. ராத்திரி 1 மணிக்குப் பஸ் ஏறி, கிழக்கே சுமார் 160 கிலோமீட்டர் சென்னைக்குப் போனான். 7 மணி ஃப்ளைட் பிடிச்சு, மறுபடி மேற்கே பறந்தான். அந்த நேர்கோடு எங்க ஊருக்குக் கொஞ்சம் வடக்கேதான் போகுது. அதாவது, கிளம்பின ஊரையே ஆகாயத்தில் தாண்டிப் போயிருக்கான்! 8 மணிக்குத் தேவனஹள்ளியில் இறங்கியாச்சு. 2008-ல் திறந்த அந்த ஏர்போர்ட் இருப்பது பெங்களூருக்கு வடக்கே. எலக்ட்ரானிக் சிட்டியோ தெற்குக் கோடி. நடுவுல மொத்த ஊரோட டிராஃபிக். போய்ச் சேரும்போது மணி 10.40. 'அடுத்த தடவை பார்க்கலாம்'னு சொல்லி அனுப்பிட்டாங்க.

பள்ளிகொண்டாவிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்கு ரோட்டில் சுமார் 170 கிலோமீட்டர்தான். கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டினா, பெங்களூருக்குள்ள நுழையும் முன்னாடியே வந்துடும். பஸ்ல நாலு மணி நேரம்.

ஃப்ளைட்டைக் குறை சொல்லலை பாஸ். சென்னை ஏர்போர்ட் பக்கத்தில் வீடு, தேவனஹள்ளி பக்கத்தில் வேலைன்னா, தாராளமா பறக்கலாம். காட்பாடிக்காரங்களுக்கு 2022 நவம்பரிலிருந்து வந்தே பாரத் ரயிலும் இருக்கு. சென்னையிலிருந்து கிளம்பி நாலரை மணி நேரத்துக்குள்ள பெங்களூரு போயிடும். ஆனா நெட் சொல்ற 'ஒரு மணி நேரம்' ரன்வேக்கும் ரன்வேக்கும் நடுவில் உள்ள கணக்கு. உங்க வீட்டு வாசலும், நீங்க போற ஆபீஸ் கேட்டும் அதில் இல்லை. டிக்கெட் போடும் முன்னாடி அந்த ரெண்டையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்க.

நம்ம பையன் என்ன ஆனான்? மூணு மாசம் கழிச்சு அதே ஏரியாவில், வேற கம்பெனி இன்டர்வியூ. விடியக்காலை 4 மணி பஸ் ஏறினான். அப்பா வந்து வழியனுப்பினார். 8 மணிக்கெல்லாம் கேட் எதிரே நின்னு டீ குடிச்சிட்டிருந்தான்.

வேலை கிடைச்சுடுச்சு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊருக்கு வர்றான்... பஸ்லதான்!