வளையம் சொல்லும் கணக்கு

நார்ஃபோக் பக்கம் குளிர்காலத்தில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிடப் போகிறவர்கள் முதல் நாள் இரவு விசாரிப்பது காற்றைத்தான். மழையில் வலை விரிக்கக் கூடாது என்பது யாருக்கும் புரியும். ஆனால் கிழக்கு இங்கிலாந்தின் இந்தச் சமவெளியில் தடுத்து நிறுத்த ஒரு மேடுகூட இல்லாததால், லேசான காற்றே வலையை உப்பவைத்துப் பறவையின் கண்ணுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். கடும் உறைபனியிலும் விரிக்க மாட்டார்கள். அந்தக் குளிரில் பறவையைப் பிடித்துக் காக்க வைத்தால் அதன் உயிருக்கே ஆபத்து. காற்று அடங்கி, மழை விட்டு, பனியும் அளவோடு இருக்கிற காலை ஜனவரியில் எப்போதாவதுதான் வாய்க்கும். அப்படி வாய்த்த ஒரு நாளில் என் அண்ணன் மகள் என்னையும் கூட்டிப் போனாள்.

நார்விச்சில் படிக்கும் அவள், ஓய்வு நாட்களில் ஒரு வளையமிடும் குழுவில் பயிற்சி பெறுகிறாள். பிரிட்டனில் இந்த வேலையை யாரும் நினைத்தபடி செய்துவிட முடியாது. பி.டி.ஓ. என்று எல்லோரும் சொல்லும் பிரிட்டிஷ் பறவையியல் அறக்கட்டளையின் உரிமம் வேண்டும். தனியாக வலை விரிக்கும் தகுதி வருவதற்குள் நூற்றுக்கணக்கான பறவைகள் கைவழியே போயிருக்க வேண்டும். அதுவரை பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்பார். இவளுடைய பயிற்சியாளர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. இளம் வயதில் கற்ற இந்த வேலையை எழுபது கடந்தும் விடவில்லை. கூலி கிடையாது, வண்டிக்குப் பெட்ரோலும் கைக்காசுதான். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆண்டுக்குச் சுமார் 9 லட்சம் பறவைகளுக்கு வளையம் போடுகிற இரண்டாயிரத்துச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் இவரைப் போன்றவர்களே.

நாங்கள் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது விடியவில்லை. நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு, உயிர்வேலியை ஒட்டிக் கம்பங்களை நட்டார்கள். ஹாதார்ன், பிளாக்தார்ன் என்ற முட்செடிகளால் ஆன பழைய வேலி அது. மிஸ்ட் நெட் என்கிற அந்த வலை மிக மெல்லிய கறுப்பு நூலில் பின்னியது. நீளம் 18 மீட்டர், உயரம் ஓர் ஆளுக்கு மேல். குறுக்கே ஓடும் கயிறுகள் அதை நான்கு அடுக்காகப் பிரிக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் வலையைத் தொய்வாக விட்டிருப்பதால், மோதிய பறவை கீழே சரிந்து அந்தத் தொய்வுக்குள் பத்திரமாகக் கிடக்கும். ஜப்பானில் பறவை பிடிப்பவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்திய இந்த வலை 1950-களில்தான் பிரிட்டனுக்கு வந்தது. அதற்கு முன் பொறிகளை வைத்தும் கூட்டிலிருக்கும் குஞ்சுகளைக் கொண்டும்தான் இந்த வேலை நடந்தது.

விரித்த வலையை விட்டு யாரும் தூரம் போவதில்லை. இருபது நிமிடத்துக்கு ஒரு சுற்று, குளிர் கூடினால் அதற்கும் முன்பே.

முதல் சுற்றில் ஒரு ராபின், இரண்டு ப்ளூ டிட். அடுத்த சுற்றில்தான் யெல்லோஹேமர் என்கிற வயல் பறவை விழுந்தது. இந்தப் பண்ணைக்கு இவர்கள் வருவதே அதற்காகத்தான். பறவை எந்தப் பக்கமிருந்து நுழைந்ததோ அந்தப் பக்கமிருந்துதான் எடுக்க வேண்டும். முதலில் கால், பிறகு சிறகு, கடைசியில் தலை. விறைத்துப்போன விரல்களால் அவள் நூலை ஒவ்வொன்றாக விலக்கியபோது ஆசிரியை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கண்கள் மட்டும் அவள் விரல்களை விட்டு நகரவே இல்லை. விடுபட்ட பறவையைப் பருத்திப் பையில் போட்டு, சுருக்குக் கயிற்றை இழுத்து, மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள்.

பண்ணைக் கொட்டகையில் ஒரு மடக்கு மேசை போட்டிருந்தார்கள். அதுதான் அவர்களுடைய பணிமனை. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் கழுத்து வரும்படி பறவையை மல்லாக்கப் பிடித்தாள். உள்ளங்கைக்குள் உடம்பு அடங்கிவிட்டது. கோடையில் ஆணின் தலை பளிச்சென்ற மஞ்சள். குளிர்காலத்தில் இறகு நுனிகளின் பழுப்பு அந்த மஞ்சளைப் பாதி மறைத்துவிடுகிறது.

"சித்தப்பா, வால் இறகோட நுனியைப் பாருங்க. கூரா, நைஞ்சு போயிருக்கில்ல? போன கோடையில பொறந்தது. வயசானதுக்கு இது உருண்டையா இருக்கும்."

அலுமினியக் கலவையில் செய்த வளையத்தைத் தனியாக இதற்கென்றே துளையிட்ட குறடால் காலைச் சுற்றி மூடினாள். இரண்டு முனைகளுக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளிகூட இருக்கக் கூடாது. இருந்தால் நூலோ புல்லோ சிக்கும். ஆசிரியை பறவையை வாங்கி வளையத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வளையத்தில் ஒரு முகவரியும் ஓர் எண்ணும். அவள் எண்ணை உரக்கப் படிக்க, குறிப்பெழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்ல, அதன் பிறகுதான் ஏட்டில் ஏறியது. ஓர் இலக்கம் பிசகினால் அந்தப் பறவையின் வாழ்க்கை முழுவதும் இன்னொன்றின் கணக்கில் போய்விடும்.

சிறகு 88 மில்லிமீட்டர். பிறகு தொண்டைக்குக் கீழே மெல்ல ஊதினாள். இறகு விலகியதும், கவை எலும்பின் பள்ளத்தில் மெல்லிய தோலுக்கு அடியில் கொழுப்பு இளமஞ்சளாகத் தெரிந்தது. அதற்கு ஒரு மதிப்பெண் உண்டு. கடைசியாகத் தராசு: 29 கிராம். எனக்கு மலைப்பாக இருந்தது அந்தக் கொழுப்புதான். இங்கே ஜனவரி இரவு பதினைந்து மணி நேரம் நீள்கிறது. ஒரு சிறு பறவை அந்த ஓர் இரவைக் கடக்கத் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை எரித்துவிடக்கூடும். விடிந்ததும் அதை மறுபடி தின்று சேர்க்க வேண்டும். சேர்க்க முடியாத நாளுக்கு அடுத்த இரவை அது தாண்டாது.

கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் வளையமிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வடக்கிலிருந்து வரும் உள்ளான்களுக்கு அங்கே குளிர்காலம் என்பது சேறு நிறையத் தீனி கிடைக்கும் பருவம். ஆனால் நார்ஃபோக்கின் வயல் பறவைகளில் பல எங்கும் போவதில்லை. யெல்லோஹேமர் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் தாண்டாமலே வாழ்ந்து முடிக்கும். பஞ்சம் வந்தால் இடம்பெயர்ந்து பிழைக்கத் தெரியாத பறவை. அதனால் அந்தப் பண்ணையின் ஜனவரிதான் அதன் விதி.

பிரிட்டனில் வயல்வெளிப் பறவைகளில் 19 இனங்களைச் சேர்த்து அரசு ஒரு குறியீட்டெண் வெளியிடுகிறது. 1970-ஐ நூறு என்று வைத்தால் இன்று அது ஏறத்தாழ நாற்பது. ட்ரீ ஸ்பாரோ 1970-க்கும் 2008-க்கும் இடையில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று அழிந்தது. வானம்பாடி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. யெல்லோஹேமர், லின்னெட், கார்ன் பண்டிங் எல்லாம் சிவப்புப் பட்டியலில் இருக்கின்றன. இந்த எண்களைச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். வயலோரம் நடந்து பாட்டைக் கேட்டு எண்ணினாலே இவை கிடைத்துவிடும். ஆனால் ஏன் குறைந்தன என்று வெறும் எண்ணிக்கை சொல்லாது. பிறப்பு குறைந்திருக்கலாம், சாவு கூடியிருக்கலாம். எது என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பது எப்படி?

வளையத்தின் பயன் இங்கேதான். ஒரு குறிப்பிட்ட பறவை, இந்தக் குளிர்காலம் இருந்தது, அடுத்ததிலும் இருந்ததா? லட்சக்கணக்கான கால்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்டு, திரும்ப அகப்பட்டவற்றையும் செத்துக் கிடந்து யாரோ எடுத்து அனுப்பியவற்றையும் வைத்து, ஆண்டுக்கு நூற்றுக்கு எத்தனை பிழைக்கின்றன என்று கணக்கிடுகிறார்கள். இதோடு கூடுகளைக் கண்காணிக்கும் பதிவுகளையும் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் வெளிப்பட்டது. யெல்லோஹேமர், ரீட் பண்டிங் போன்ற விதை தின்னிகள் வீழ்ந்த ஆண்டுகளில், கூடுகளில் குஞ்சு பொரிப்பது பெரிதாகக் கெடவில்லை. பறந்து போனவை பிழைப்பதுதான் குறைந்திருந்தது. லின்னெட்டின் கதை வேறு. அதற்கு இழப்பு முட்டைப் பருவத்திலேயே நேர்ந்தது. ஒரே வேலியில் ஒன்றாக உட்காரும் இரண்டு பறவைகளுக்கு இரண்டு வேறு நோய்கள். இதைத் தெரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் முன்பின் தெரியாத ஆயிரம் பேர் விடியற்காலைக் குளிரில் நின்றிருக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய பொதுத்தொண்டு சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற ஆசிரியர் 1899-இல் எண்ணிட்ட அலுமினிய வளையங்களை மைனா இனத்து ஸ்டார்லிங்குகளுக்குப் போட்டதுதான் இந்த வேலையின் தொடக்கம். பிரிட்டனில் 1909-இல் விதர்பி என்பவர் அதைத் திட்டமாக ஆரம்பித்தார். 1911-இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் வளையமிட்ட ஒரு தகைவிலான் அடுத்த ஆண்டு டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அகப்பட்டபோது உலகமே வியந்தது. இன்றைக்கும் வளையம் என்றதும் நெடும்பயணங்களைத்தான் பத்திரிகைகள் பேசும். எங்கும் போகாத யெல்லோஹேமர் செய்தியாவதில்லை.

ஒன்பது மணி வாக்கில் பண்ணைக்காரர் தேநீர்க் குடுவையோடு வந்தார். அவர் அப்பா காலத்தில் பார்லியை வசந்தத்தில் விதைத்தார்களாம். அறுத்த வயல் குளிர்காலம் முழுக்கத் தாளோடு கிடக்கும். சிந்திய தானியமும் களை விதையும் மண்ணில் இருக்கும். 1970-களிலிருந்து இலையுதிர்காலத்திலேயே விதைக்கும் கோதுமை வந்தது. அறுத்த சில வாரங்களில் உழுதுவிடுகிறார்கள். டிசம்பரில் வயல் பச்சையாகத்தான் இருக்கும், தின்ன ஒரு மணி இருக்காது. களைக்கொல்லி களையை ஒழித்தது. அறுவடை இயந்திரம் சிந்தாமல் அள்ளியது. கிடங்குகளுக்கு எலியும் குருவியும் புகாத கதவு போட்டார்கள். இவற்றில் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல விவசாயம். அவர் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் அவரோடு உடன்படுகிறேன். பறவையை யாரும் விரட்டவில்லை. நமது ஊரில் அறுப்பு முடிந்ததும் உதிர்ந்த நெல்லைப் பொறுக்க வயலில் இறங்குகிறவர்கள் இருந்தார்கள். அந்த உதிரிக்கு ஒரு பாத்தியதை இருந்தது. இங்கே உதிரியே இல்லாமல் போனது.

உற்பத்தி மிஞ்சியதால் ஐரோப்பாவில் 1992 முதல் நிலத்தில் ஒரு பங்கைத் தரிசாக விட வேண்டும் என்று விதி வந்தது. தற்செயலாகப் பறவைகளுக்கு அது வாழ்வு கொடுத்தது. 2008-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கன்ட்ரிசைட் ஸ்டூவர்ட்ஷிப் போன்ற அரசுத் திட்டங்களில் சேர்ந்த பண்ணைகள் வயல் மூலைகளில் பறவைக்கென்றே பயிரிட்டுப் பணம் பெறுகின்றன. நாங்கள் வலை விரித்த வேலியை ஒட்டி அப்படி ஒரு துண்டு நிலம் இருந்தது. பனிவரகு, கினோவா, தீவன முள்ளங்கி, கேல், சூரியகாந்தி. வாழப்பாடிப் பக்கமும் விளையும் பனிவரகை அங்கே பறவைக்காக விதைத்திருப்பதைக் கண்டு நெகிழ்ந்துபோனேன்.

கதிர்களைக் கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்தேன். எல்லாம் உமி. ஜனவரி பாதியிலேயே மணி தீர்ந்திருந்தது. இவர்கள் அஞ்சுவதும் இதைத்தான். ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பழைய விதை தீர்ந்து, புதியது வராத காலம். கோடையில் கூடு கட்டவேண்டிய பறவைகள் அந்த இரண்டு மூன்று மாதங்களில் சாகின்றன.

தானியத்தைக் கொட்டினால் தீர்ந்ததா என்றால் அதிலும் கவனம் வேண்டும். 2005 வாக்கில் க்ரீன்ஃபிஞ்ச் பறவைகளுக்குப் புறாக்களிடமிருந்து ட்ரைக்கோமோனோசிஸ் என்ற தொண்டை நோய் தொற்றியது. விழுங்க முடியாமல் பட்டினியில் சாகும். எச்சில் பட்ட தீனியும் தண்ணீரும் நோயைக் கடத்தின. தோட்டம்தோறும் கண்ட பறவை 2021-இல் சிவப்புப் பட்டியலுக்கு வந்தது. அன்று வலையில் விழுந்த ஒரு சாஃபிஞ்சின் காலில் சாம்பல் நிறப் பொருக்கு ஏறியிருந்தது. அது வேறு நோய், ஒரு வைரஸின் வேலை. வீங்கிய காலை வளையம் இறுக்கும் என்பதால் ஆசிரியை அதற்கு வளையம் போடவில்லை, எடையிடக்கூட இல்லை, அப்படியே விட்டுவிட்டார். பையைத் தனியாக ஒதுக்கினார், கையையும் கழுவினார்.

பத்து மணிச் சுற்றில், ஏற்கெனவே வளையம் உள்ள யெல்லோஹேமர் ஒன்று. என் அண்ணன் மகள் எண்ணைப் படித்ததும் ஏட்டைப் புரட்டினார்கள். மூன்று குளிர்காலங்களுக்கு முன் இதே வேலியில் போட்ட வளையம். "அப்பவும் இந்தப் பனிவரகைத் தின்னதுதான் சித்தப்பா" என்றாள். வளர்ந்த யெல்லோஹேமர்களில் ஏறக்குறையப் பாதிதான் ஒரு வருடத்தைத் தாண்டுகின்றன. மூன்று தடவை அந்தப் பாதியில் இருந்திருக்கிறது இது. ஆசிரியையின் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. அதைப் பறக்கவிட என் கையில் கொடுக்கச் சொன்னார். உள்ளங்கையைத் திறந்ததும் ஒரு நொடி உட்கார்ந்திருந்து, வேலிக்குள் போய்விட்டது.

வலையைச் சுருட்டும்போது பண்ணைக்காரரும் ஆசிரியையும் தீனியைப் பற்றிப் பேசி முடித்தார்கள். மறுவாரத்திலிருந்து ஏப்ரல் கடைசி வரை வாரம் ஒருமுறை வேலியோரப் பாதையில் கோதுமை, பனிவரகு, ஆளி விதை கலந்து தூவுவது. ஒரே இடத்தில் குவிக்காமல் நெடுக இறைப்பது. எலியும் நோயும் சேராதிருக்க இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பது. செலவில் ஒரு பகுதியைத் திட்டம் கொடுக்கும், மீதியைத் தானே போடுவதாக அவர் சொன்னார். மார்ச்சில் காற்று அடங்கிய ஒரு காலையில் குழு மறுபடி வரும். இன்று ஏட்டில் ஏறிய எண்களில் எத்தனை அப்போதும் இந்த வேலியில் அகப்படுகின்றன என்று பார்த்து, போதாதென்றால் அடுத்த குளிர்காலத்துக்கு விதைக்கும் நிலத்தை இன்னொரு மூலைக்கும் நீட்டுவதாகப் பண்ணைக்காரர் ஒப்புக்கொண்டார்.