சங்கு எடுத்த கால்கள்: கடலுக்குள் முங்க எந்த ஃபின் வாங்குவது?

திருவண்ணாமலையில் கடல் கிடையாது. கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் புதுச்சேரிக் கடற்கரை. ஆனாலும் கடலடியில் கிடந்த ஒரு பொருளின் சத்தம் இந்த ஊரில் நாள்தோறும் கேட்கிறது. கிரிவலப் பாதையில் சாமியார்கள் சங்கு ஊதுகிறார்கள். கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில் சிறிதும் பெரிதுமாகச் சங்குகள் அடுக்கியிருக்கின்றன. கார்த்திகை சோமவாரம் வந்தால் சிவன் கோயில்களில் 108 என்றும் 1008 என்றும் சங்காபிஷேகம் நடக்கிறது.

அந்தச் சங்குகளில் பலவற்றை மன்னார் வளைகுடாவில் யாரோ ஒருவர் முங்கி, மணலில் தேடி, கையால் எடுத்திருப்பார். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் இதற்குச் சங்குகுளி என்று பெயர். தலைமுறை தலைமுறையாக மூச்சை அடக்கிச் செய்த தொழில் இது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, இடுப்பில் ஒரு வலைப்பை, காலில் கட்டிய அலுமினியத் தகடு. அந்தத் தகடுதான் அவர்களுடைய ஃபின். கடல் அட்டை எடுக்க முங்கியவர்களும் இதையேதான் கட்டினார்கள். (கடல் அட்டை பிடிப்பதற்கு 2001 முதல் தடை இருக்கிறது.)

இன்று இன்ஸ்டாகிராமில் வேறு மாதிரி கால்களைப் பார்க்கிறோம். முக்கால் மீட்டருக்கும் நீளமான கருப்பு கார்பன் பிளேடு, மீன்வால் போல மெதுவாக வளைந்து நிமிர்கிறது. கையில் ஈட்டித் துப்பாக்கி, எதிரே பெரிய மீன். திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் கிணற்றில் முங்கு நீச்சல் பழகிய ஒரு பையன் இதைப் பார்க்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் சம்பளம் கைக்கு வந்ததும் அவன் ஆன்லைனில் தேடுவது அந்தக் கருப்பு பிளேடைத்தான். பல பத்தாயிரம் ரூபாய் விலை. சாதாரண பிளாஸ்டிக் பிளேடு சில ஆயிரங்களில் கிடைக்கும்போது இவ்வளவு கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். இப்போதைக்குக் கண்டிப்பாக வேண்டாம்.

ஏன் என்று புரிய, தகடு காலுக்கு வருவதற்கு முந்தைய காலத்தைப் பார்க்க வேண்டும். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அந்த முத்துக்குளிப்பில் கால் பெரிதாக உதைக்க வேண்டியதில்லை. கயிற்றில் கட்டிய கனமான கல்லில் காலை வைத்து நின்றால் கல்லே ஆளைக் கீழே இறக்கிவிடும். வேலை முடிந்ததும் கயிற்றை அசைத்தால் படகில் இருப்பவர் மேலே இழுத்துவிடுவார். கல்லும் கயிறும் இல்லாமல் ஒருவர் தனியாக இறங்க ஆரம்பித்தபோது இறங்குவதும் ஏறுவதும் கால் தலையில் விழுந்தன. அதற்குத்தான் தகடு.

தகடு தண்ணீரைப் பலமாகத் தள்ளும். ஆனால் வளையாது. வளையாத தகட்டை அசைக்க மொத்தப் பலத்தையும் தொடையும் கணுக்காலும் கொடுக்க வேண்டும். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையில்தான் இருக்கின்றன; அடக்கி வைத்த மூச்சின் ஆக்சிஜனை வேகமாகத் தின்பவையும் அவைதான்.

இதைக் கிட்டத்தட்ட 300 வருஷத்துக்கு முன்பே ஒரு சிறுவன் உணர்ந்துவிட்டான். பெஞ்சமின் பிராங்ளின் சின்னப் பையனாக இருந்தபோது இரண்டு மரப்பலகைகளைச் செய்து, கைகளில் பிடித்துக்கொண்டு நீந்திப் பார்த்தார். வேகம் கூடியது, மணிக்கட்டு சோர்ந்துபோனது. காலுக்கும் செருப்பு போல ஒன்றைச் செய்து கட்டினார், அதில் அவருக்குத் திருப்தி இல்லை. வளைகிற ரப்பர் ஃபினுக்கு பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி லூயி து கொர்லியூ காப்புரிமை வாங்கியது 1933-ல்.

வளைவதில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல பிளேடு உதைக்கும்போது வளைந்து பலத்தைச் சேர்த்துக்கொள்ளும். உதையின் முடிவில் நிமிர்ந்து அந்தப் பலத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கும். பிளாஸ்டிக் வளையும், ஆனால் மந்தமாக நிமிரும், கனமும் அதிகம். ஃபைபர் கிளாஸ் அதைவிடத் துள்ளலாக நிமிரும். கார்பன் எல்லாவற்றையும்விட லேசு, சட்டென்று நிமிரும். பாறையில் மோதினால் விரிசல் விடும் பயமும் அதற்குத்தான் அதிகம். ஈட்டி மீன்பிடிப்பில் பாறை இடுக்குகளுக்குள்தான் தலையை விட வேண்டியிருக்கும். கால் எதில் இடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பிளாஸ்டிக் அடி வாங்கும், கீறல் விழும், மறுநாளும் உழைக்கும்.

பொருளைவிட முக்கியம் விறைப்பு. ஒரே கம்பெனி ஒரே பிளேடை மென்மை, நடுத்தரம், கடினம் என்று பிரித்து விற்கும். கால் பலமுள்ள பையன்கள் கடினத்தைத்தான் எடுப்பார்கள், ஜிம்மில் பெரிய டம்பெல்லைத் தூக்குவது போல. நீச்சல் குளத்தில் ஐந்து நிமிடம் உதைத்தாலே உண்மை தெரிந்துவிடும். முழங்கால் மடங்கி சைக்கிள் மிதிப்பது போல ஓடினாலோ, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தாலோ, பிளேடு வளைவதற்குப் பதில் கால் வளைகிறது என்று அர்த்தம். அப்படியென்றால் கார்பனே ஆனாலும் காலில் கட்டியது பழைய அலுமினியத் தகடுதான்.

கிணற்றுப் பையனுக்கு இன்னொரு அதிர்ச்சியும் காத்திருக்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவிகிதம் அடர்த்தி கூடியது. 70 கிலோ உடம்பைக் கிணற்றைவிடக் கடல் ஒன்றே முக்கால் கிலோ அளவுக்கு அதிகமாக மேலே தள்ளும். கிணற்றில் கல் போல இறங்கியவன் கடலில் தக்கை மாதிரி மிதப்பான். இடுப்பில் ஈய எடை கட்டாமல் இறங்கினால், முதல் சில மீட்டரிலேயே பாதி மூச்சு காலியாகிவிடும். ஆகவே பிளேடுக்கு முன்னால் எடைப்பட்டையைச் சரிசெய்ய வேண்டும். எடையைக் கூட்டிவிடவும் கூடாது. சுமார் 10 மீட்டரில், அதாவது மீனவர்கள் கணக்கில் ஐந்தாறு பாக ஆழத்தில், அழுத்தம் இரண்டு மடங்காகி நுரையீரல் பாதியாகச் சுருங்கும். அதற்குக் கீழே கடல் தானாகவே ஆளை உள்ளே இழுக்க ஆரம்பிக்கும். அங்கிருந்து திரும்பும்போது முதல் உதைகள்தான் கடினமானவை. மூச்சு குறைந்திருக்கும் அந்த நேரத்தில் எந்த பிளேடு காலைக் கெஞ்ச விடாமல் தூக்குகிறதோ அதுதான் உங்கள் பிளேடு.

கால் நுழைகிற ரப்பர் பகுதியைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. செருப்பு வாங்கும்போது காட்டுகிற அக்கறையில் பாதியாவது இதில் காட்டலாம். தளர்வாக இருந்தால் உதைத்த பலம் பிளேடுக்குப் போகாது, குதிகாலில் கொப்புளம்தான் மிஞ்சும். இறுக்கினால் பாதம் மரத்துப்போகும். சாக்ஸ் போட்டு முங்குபவர்கள் சாக்ஸோடு அளவு பார்க்க வேண்டும். பல மாடல்களில் பிளேடைத் திருகாணி கழற்றி மாற்றலாம். ரப்பர் பகுதி நன்றாகப் பொருந்தியதாக, பிளாஸ்டிக் பிளேடோடு வாங்கிவிட்டால், ஒன்றிரண்டு வருஷம் கழித்து பிளேடை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஃபின் எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? நியூசிலாந்தின் வில்லியம் டிரூபிரிட்ஜ் 2016-ல் ஃபின் இல்லாமல், கைகால் பலத்தில் 102 மீட்டர் ஆழம் போய் வந்தார். ரஷ்யாவின் அலெக்ஸி மொல்சானோவ் இரண்டு காலுக்கும் சேர்ந்த ஒற்றை ஃபினோடு 2018-ல் 130 மீட்டர் போனார். இரண்டு பேரும் பாதுகாப்பு ஆட்கள் சூழ, ஒரு கயிற்றை ஒட்டியே இறங்கியவர்கள். இந்த எண்களைப் பார்த்து நாமும் போகலாம் என்று நினைப்பதுதான் ஆபத்து. ஃபின் ஆழத்தைக் கூட்டுமே தவிர மூச்சைக் கூட்டாது.

மயக்கம் பெரும்பாலும் ஆழத்தில் வராது. மேலே வரும் வழியில், கடைசிப் பத்து மீட்டரில் வரும். அழுத்தம் குறையக் குறைய, மிச்சமிருக்கும் ஆக்சிஜன் மூளைக்குப் போதாமல் போகும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் விளக்கு அணைவது போல நினைவு போய்விடும். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு வாங்குவது இதை இன்னும் மோசமாக்கும்: ஆக்சிஜன் கூடாது, 'மூச்சு விடு' என்று உடம்பு அடிக்கிற மணிதான் தாமதமாகும். அடிபட்ட மீனைத் துரத்தி, 'இன்னும் ஐந்து விநாடி' என்று நினைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் ஒருவர் முங்கும்போது இன்னொருவர் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கிணற்றிலும் அப்படித்தான், நீச்சல் குளத்திலும் அப்படித்தான்.

ஈட்டியை எடுப்பதற்கு முன் இடமும் தெரிய வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. அங்கே எதையும் பிடிக்கக் கூடாது. மற்ற இடங்களில் மீன்வளத் துறையிடமும் அந்த ஊர் மீனவர்களிடமும் கேட்டுவிட்டு இறங்குங்கள். முதல் வருஷம் ஈட்டியே இல்லாமல் முங்கினால்கூடத் தப்பில்லை.

ஆகவே, அந்தப் பையனின் முதல் சம்பளக் கணக்கு இப்படி இருக்கலாம்: முகக் கண்ணாடி ஒன்று, எடைப்பட்டை ஒன்று, பாதத்துக்குப் பொருந்தும் மென்மையான பிளாஸ்டிக் ஃபின் ஒரு ஜோடி. கார்பனுக்காக எடுத்து வைத்த மீதிப் பணத்தில் புதுச்சேரிக்கு பஸ் ஏறி, ஒரு நல்ல பயிற்சியாளரிடம் சில நாள் கற்றுக்கொண்டு வரலாம். போகும்போது கூடவே இன்னொரு நண்பனையும் அழைத்துப் போகட்டும். மேலே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.